சேலத்திலிருந்து ஹேவ்லாக் தீவுக்கு: இருவராகப் போய் ஓய்வெடுத்துத் திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு முறை அந்தமான் போய்வந்தோம். முதல் முறை ஐந்து இரவுக்கு மூன்று ஊர், மூன்று அறை, தினம் தினம் பெட்டி கட்டும் வேலை. சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது போனதைவிடக் களைத்துப்போயிருந்தோம். இரண்டாம் முறை நான்கு இரவும் ஒரே தீவில், ஒரே அறையில் இருந்தோம். அதற்கப்புறம் எங்கள் சொந்தத்திலும் தெருவிலும் ஏழெட்டு ஜோடிகளுக்கு உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்துவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் போகப்போவது அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவு. அதன் பெயர் 2018 முதல் சுவராஜ் தீப். நீல் தீவு ஷகீத் தீப் ஆனது. விமானம் இறங்கும் தலைநகரான போர்ட் பிளேயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் பழைய பெயரும் வரும், புதிய பெயரும் வரும். ஊர் ஒன்றுதான், பதற வேண்டாம். பேச்சு வழக்கில் பழைய பெயர்களே ஓடுவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

1. டிக்கெட்டைத் தொடும் முன் இருவரும் பேசி முடிக்க வேண்டியது

நமக்குச் சுற்றுலா என்றால் ஏற்காடு போய்ப் பழக்கம். காலையில் மலை ஏறி, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி, ஏரியில் படகு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுவோம். அந்தப் பழக்கத்தோடு தீவுக்குப் போனால் ஓய்வு கிடைக்காது.

காரணம், தீவு மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாளுக்கு மேல் போய்விடுகிறது. அறையைக் காலி செய்து, துறைமுகத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து, கப்பலில் போய், அடுத்த அறை தயாராகும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹேவ்லாக், நீல், பாராடாங் எல்லாம் ஐந்து இரவில் என்று விளம்பரம் வரும். நிறைய பார்க்க நினைப்பவர்களுக்கு அது சரி. நீங்கள் ஓய்வுக்குப் போகிறீர்கள் என்றால் ஒரே தீவு போதும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், இந்தப் பயணத்தில் வேண்டியது மூன்றை எழுதுங்கள். என் தோழி "தூங்க வேண்டும்" என்று எழுதினாள். அவள் கணவர் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது), கயாக் (சின்னத் துடுப்புப் படகு), காட்டு நடை என்று எழுதியிருந்தார். அந்த வித்தியாசம் சேலத்திலேயே தெரிந்ததால், ஒரு நாள் காலை அவர் தனியாகக் கடலுக்குப் போனார், இவள் பத்து மணிவரை தூங்கினாள். இருவருக்கும் வருத்தமில்லை. அங்கே போனபிறகு தெரிந்திருந்தால் ஒருவர் விட்டுக்கொடுத்து மனசுக்குள் புழுங்கியிருப்பார்.

இரவுக் கணக்கு: தீவில் நான்கு, கடைசியாகப் போர்ட் பிளேயரில் ஒன்று. வெள்ளி இரவு சேலத்தில் ரயில் ஏறினால் அடுத்த வெள்ளி காலைக்குள் வீடு திரும்பலாம். லீவு குறைவு என்றால் தீவில் மூன்று இரவாக்குங்கள். அந்தக் கடைசி போர்ட் பிளேயர் இரவை மட்டும் வெட்டாதீர்கள். ஏன் என்று 11-ஆவது பகுதியில் வருகிறது.

2. முதலில் மாதம், அப்புறம் திதி

தை பாதியில் தொடங்கி பங்குனி முடியும்வரை கடல் அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். மாசியும் பங்குனியும் என் முதல் தேர்வு. தையில் கல்யாணமானவர்களுக்கு மாசி சரியாக அமையும். டிசம்பர் கடைசி வாரமும் புத்தாண்டும் கூட்டம், வாடகையும் ஏறும்.

ஆடி மாதத்தில் விலை இறங்குவதைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். அப்போது அங்கே தென்மேற்குப் பருவமழை. மே முதல் செப்டம்பர்வரை அந்த மழை, ஐப்பசியை ஒட்டி வடகிழக்கு மழை. மழையைக்கூட ரசிக்கலாம். ஆனால் கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், ஒரு கப்பல் நின்றால் விமானமும் கைவிட்டுப் போகும்.

மாதம் முடிவானதும் வீட்டுத் தினசரி நாட்காட்டியை எடுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதுதான் காரணம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் பாறையும் பவளமும் கலந்த ஆழமற்ற தரை. பெரிய வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விடும், முழங்கால்கூட நனையாது.

அதனால் குளிப்பதும் மிதப்பதும்தான் முக்கியம் என்றால், தீவில் இருக்கும் நாட்களின் நடுவே அஷ்டமி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அஷ்டமி, நவமியில் கிளம்பக்கூடாது என்பது பெரியவர்கள் கணக்கு. இரண்டு நாள் முன்னால் கிளம்பிவிட்டால் அவர்களுக்கும் நிறைவு, உங்களுக்கும் நல்ல தண்ணீர். இரவில் கயாக் போய், துடுப்பு பட்ட இடத்தில் நுண்ணுயிர்கள் நீலமாக மினுங்குவதைப் பார்க்க ஆசை என்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். நிலா வெளிச்சத்தில் அந்த மினுங்கல் தெரியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெண்கள் தங்கள் மாதாந்திரத் தேதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தேதியைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொண்டு போவதைவிட, பயணத்தை ஒரு வாரம் தள்ளுவது உடம்புக்கு நல்லது.

3. பார்ப்பது ஒரு வரிசை, பணம் கட்டுவது வேறு வரிசை

புதியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பார்க்கும் வரிசை: கப்பல், விமானம், ரயில், அறை. முதலில் போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக் போகும் கப்பல்களின் நேரத்தைப் பாருங்கள். மக்ரஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் ஆகியவை தனியார் சேவைகள். அரசுக் கப்பலும் உண்டு. ஹேவ்லாக்குக்கு விமானம் கிடையாது, பாலம் கிடையாது. மாலை ஆனால் கப்பலும் கிடையாது. ஆகவே அன்றைய கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்பதுதான் உங்கள் முழுப் பயணத்தையும் பிடித்து வைத்திருக்கும் ஆணி.

அந்தக் கப்பல் கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னால் தரையிறங்கும் விமானமாகத் தேடுங்கள். சென்னையிலிருந்து பறக்கும் நேரம் இரண்டு மணிக்குச் சற்று அதிகம். பெட்டி வர அரை மணி, துறைமுகம் போக கால் மணிக்கு மேல், கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். மீதி, விமானம் தாமதமானால் தாங்கிக்கொள்ள. என் கொழுந்தனார் மலிவாகக் கிடைத்ததென்று மதியம் இறங்கும் விமானத்தை எடுத்துவிட்டார். அன்றைய கப்பல்கள் போய்விட்டன. போர்ட் பிளேயரில் எதிர்பாராத ஓர் இரவு தங்கி, ஹேவ்லாக்கில் ஏற்கெனவே கட்டிய ஓர் இரவு வாடகையையும் இழந்தார். மிச்சம் பிடித்ததைவிடச் செலவானது அதிகம்.

அதேபோல, ரயில் சென்னை சேரும் நேரத்துக்கும் விமான நேரத்துக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள். விடியற்காலை ஐந்து மணி விமானம் என்றால் முந்தின நாளே சென்னைக்குப் போய்விடுவதுதான் சரி.

இப்போது பணம் கட்டும் வரிசை. முதலில் அறை, ஆனால் இலவசமாக ரத்து செய்யும் வசதி இருக்கும் அறை மட்டும். அடுத்து விமானம். அதே நாளில், முடிந்தால் அதே மணி நேரத்தில், போகவும் வரவும் கப்பல். கடைசியில் ரயில், ஏனென்றால் ரயில் முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும். அது திறக்கும் தேதியைக் கைபேசியில் குறித்துவையுங்கள்.

ரத்து செய்யவே முடியாத அறையை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் விமானம் தேடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த அறையின் தேதிக்காக விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாகிறது. சலுகை என்று நினைத்தது கழுத்தில் கட்டிய கல்லாகிவிடும்.

கப்பலில் எதை எடுப்பது? தனியார் கப்பல் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரத்தில் போகும், பெரும்பாலும் ஏசி போட்ட மூடிய கூடம், ஒருவழிக்கு ஒருவருக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அரசுக் கப்பல் அதைவிட மிக மலிவு. ஆனால் அது தீவு மக்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வரும் வழி. அவர்களுக்கே இடம் பற்றாத நாட்களில் நாம் தனியாரில் போவது நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

4. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண்தான் அடையாளம். கோவிந்த நகர் நம்பர் 3, விஜயநகர் நம்பர் 5. இரண்டும் கிழக்குக் கரை. பெரும்பாலான ரிசார்ட்டுகளும் உணவகங்களும் அங்கேதான். ராதாநகர் நம்பர் 7, மேற்குக் கரை. டைம் பத்திரிகை 2004-ல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதும், 2020-ல் தூய்மையான கடற்கரைக்கான நீலக்கொடிச் சான்று பெற்றதும் இந்த ராதாநகர்தான். படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்.

கிழக்கில் தங்கினால் சூரிய உதயம் வாசலில். கடைத்தெரு பக்கம், வாடகையும் பலவிதமாகக் கிடைக்கும். ஆனால் வற்றத்தின்போது குளிக்க முடியாது. மேற்கில் தங்கினால் மணல் தரை, நாள் முழுக்கக் கடல், மாலையில் அஸ்தமனம். அங்கே தங்குமிடங்கள் குறைவு, வாடகை அதிகம், ராத்திரி வெளியே போய்ச் சாப்பிடவும் இடம் குறைவு. புதுமணத் தம்பதிக்குக் கையில் பணம் இருந்தால் மேற்கைச் சொல்வேன். மற்றவர்களுக்குக் கிழக்கு போதும், ராதாநகருக்கு இரண்டு மாலை ஆட்டோவில் போய்வரலாம்.

எங்கள் முதல் பயணத்தில் ஒரு ரிசார்ட்டின் படத்தில் அறை வாசலில் நீலக் கடல் ததும்பியது. நாங்கள் போய்ச் சேர்ந்த மதியம் அங்கே பாறையும் சேறும்தான் இருந்தன. படம் பொய்யில்லை, ஏற்றத்தின்போது எடுத்தது. ஆகவே பணம் கட்டும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு இவற்றைக் கேளுங்கள்:

வற்றத்தின்போது உங்கள் கரையில் இறங்கிக் குளிக்க முடியுமா? அறையிலிருந்து மணலுக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், நடுவே சாலை இருக்கிறதா? மின்சாரம் போனால் ஏசி ஜெனரேட்டரில் ஓடுமா? குளிக்கும் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? படகுத்துறைக்கு வண்டி அனுப்புவீர்களா? சைவச் சமையல் தனியாக நடக்குமா?

பதில் சொல்பவர் முதல் கேள்விக்கே மழுப்பினால் அடுத்த ரிசார்ட்டைப் பாருங்கள். "முடியாது, வற்றத்தில் நடக்கத்தான் முடியும்" என்று நேராகச் சொல்கிறவரை நம்பலாம்.

5. பெயரும் இனிஷியலும்

நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தனிச் சிக்கல். விமான டிக்கெட்டில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் வரும், நமக்கோ இனிஷியல்தான் உண்டு. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு மறு அழைப்பு முடிவதற்குள் எல்லோரும் கணவர் பெயரைச் சேர்த்துக் கூப்பிடத் தொடங்கியிருப்பார்கள். ஆதாரில் அப்பா இனிஷியல் இருக்கும். டிக்கெட் அப்பா இனிஷியலில்தான் எடுக்க வேண்டும். விமானம், கப்பல், ரிசார்ட் மூன்றும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல். மூன்று இடத்திலும் இருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். இந்தியர்களுக்கு போர்ட் பிளேயர், ஹேவ்லாக் போகத் தனி அனுமதி தேவையில்லை.

6. பெட்டியில் போக வேண்டியவை

சீக்கிரம் காயும் நைலான் வகைத் துணியில் முழுக்கை மேல்சட்டையும் லெகின்ஸும் ஆளுக்கு இரண்டு ஜோடி. நீச்சல் உடை போடக் கூச்சப்படும் நம் பெண்கள் பருத்திச் சுடிதாரோடு கடலில் இறங்கிவிடுகிறார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய்க் காலைச் சுற்றும், அது ஆபத்து. இந்த உடையில் கூச்சமும் இல்லை, முதுகும் வெயிலில் வேகாது. பவளப் பாறையில் நடக்க ரப்பர் அடி வைத்த காலணி வேண்டும், வெறுங்காலில் போனால் கிழித்துவிடும்.

தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில். கிழக்குக் கரையில் காலையிலும் மாலையிலும் மணல் ஈ கடிக்கும், அரிப்பு ஒரு வாரம் நிற்காது. காலில் கெட்டியாக எண்ணெய் பூசிக்கொண்டால் அந்தச் சின்னப் பூச்சி தோலைத் தொட முடியாமல் போகிறது. மணலில் நேராக உட்காராமல் சாய்வு நாற்காலியில் உட்காருங்கள்.

ரொக்கம் வேண்டும். தீவில் ஏடிஎம் மிகக் குறைவு, நெட்வொர்க் போனால் ஜிபேவும் போகும். 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்டபிறகு இணையம் எவ்வளவோ மேல், ஆனாலும் நம் ஊர் மாதிரி நம்பியிருக்க முடியாது. அதனால் வீட்டில் பெரியவர்களிடம் "ராத்திரி எட்டு மணிக்கு ஒருதரம் கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் பயப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பருப்புப்பொடி, தட்டுவடை தாராளமாக எடுத்துப்போகலாம். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் நேர்மாறாக, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

7. சேலத்திலிருந்து மீனம்பாக்கம் (சென்னை விமான நிலையம்)

எல்லோரும் பழக்கத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடிக்கிறார்கள். அது விடிவதற்கு முன் சென்ட்ரலில் விடும், அங்கிருந்து விமான நிலையம் நகரத்தின் மறுகோடி. மெட்ரோ தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும் அல்லது டாக்ஸிக்குக் கொடுக்க வேண்டும்.

நான் சொல்வது ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போகும் சேலம் எழும்பூர் ரயில். அது தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கினால் விமான நிலையம் எதிரே உள்ள திரிசூலம் நாலாவது மின்ரயில் நிறுத்தம். சேலத்திலிருந்தே கிளம்பும் வண்டி என்பதால் பெட்டியை நிதானமாக ஏற்றலாம், ஆத்தூர்க்காரர்களுக்கும் வசதி. பஸ்ஸில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் அதுவும் விமான நிலையம் இருக்கும் ஜிஎஸ்டி சாலைதான்.

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம் உண்டு. போர்ட் பிளேயர் விமானத்தோடு நேரம் ஒத்துவந்தால் மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் சென்னையில் ஓர் இரவுச் செலவு சேரும்.

8. கப்பல் நாள்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் கப்பலிலும் புரட்டும். டாக்டரிடம் முன்பே கேட்டு வாங்கிய மாத்திரையைக் கப்பல் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் மாத்திரை வயிற்றில் தங்காது. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும்.

கப்பலின் நடுவில், பின்பக்கமாக இருக்கை கேளுங்கள், முன்முனைதான் அதிகம் ஏறி இறங்கும். கைபேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

9. தீவின் கடிகாரத்துக்கு மாறுவது

சேலமும் போர்ட் பிளேயரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் அது நமக்கு நேர் கிழக்கே கிட்டத்தட்ட பதினைந்து பாகை தள்ளி இருக்கிறது. கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், சூரியன் மட்டும் அங்கே ஒரு மணி நேரம் முந்தி வருகிறது. ஜனவரியில் சேலத்தில் ஆறு மணிக்கு மேல் மறையும் சூரியன், அங்கே ஐந்தே கால் வாக்கில் மறைந்துவிடும்.

இதைத் தெரியாமல்தான் பலர் ராதாநகர் அஸ்தமனத்தைத் தவறவிடுகிறார்கள். மதியம் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, காபி குடித்து, ஐந்து மணிக்கு ஆட்டோ தேடுவார்கள். போய்ச் சேர்வதற்குள் இருட்டியிருக்கும். மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். வலை கட்டிய பகுதிக்குள் குளியுங்கள், உயிர்காப்பாளர் விசில் ஊதினால் உடனே கரையேறுங்கள். திரும்பும் வழி இருட்டு, அதனால் போன ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லி விலை பேசிவிடுங்கள்.

முதல் நாள் எதுவும் வேண்டாம். கப்பலிலிருந்து இறங்கி, சாப்பிட்டு, எட்டரை மணிக்கே படுத்துவிடுங்கள். மறுநாள் ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வரும். வெளியே வந்து இருவரும் மணலில் நின்றால், கரை முழுக்க உங்களுக்கே. நாங்கள் அப்படி நின்ற காலைகளில்தான் வீட்டில் மாதக்கணக்காகப் பேசாமல் ஒத்திப்போட்ட விஷயங்களையெல்லாம் பேசினோம்.

மற்ற நாட்களுக்கு ஒரே விதி: ஒரு நாளைக்கு ஒரு வேலை. அதைக் காலையிலேயே முடித்துவிட்டால் மீதி நாள் உங்களுடையது. ரிசார்ட்டில் ஏற்ற வற்ற நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்னே நகரும். ஒரு நாள் தெரிந்தால் மற்ற நாட்களை நீங்களே கணக்கிடலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தீவில் குடியேறிய வங்காளிகள் அதிகம், சோறும் மீனும் எங்கும் உண்டு. பொதுமொழி இந்தி. போர்ட் பிளேயரில் தமிழ் நிறையவே காதில் விழும்.

10. கடலுக்குள் இறங்கும் நாள்

நீச்சல் தெரியாதவர்களும் முதல் அனுபவ ஸ்கூபா செய்யலாம். பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார், 12 மீட்டருக்குமேல் இறக்கமாட்டார்கள். உடல்நிலைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை இருந்தால் டாக்டர் அனுமதி வேண்டும். சளி பிடித்திருந்தால் காதில் அழுத்தம் சமமாகாது, அன்று வேண்டாம். நாள் தள்ளிப்போயிருந்தால் ஸ்கூபாவே கூடாது. கல்யாணமாகிச் சில மாதத்தில் போகிறவர்கள் இதை முக்கியமாக நினைவில் வையுங்கள். அவர்கள் ஹேவ்லாக்கிலேயே இருக்கும் எலிபன்ட் பீச்சில் உயிர்ச்சட்டையோடு (லைஃப் ஜாக்கெட்) மேலே மிதந்தபடி, மூச்சுக்குழாய் வைத்துக் கீழே பார்க்கும் ஸ்நார்க்கலிங் செய்யலாம், அதிலேயே பவளமும் மீனும் நன்றாகத் தெரியும்.

ஸ்கூபாவை இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் வையுங்கள். முதல் நாள் பயணக் களைப்பு. கடைசி நாளில் செய்தால் விமானம் இடிக்கும். ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் பறக்கக்கூடாது. மூழ்கும்போது உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற அந்த நேரம் வேண்டும்.

முதலை எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அங்கே இறங்கவே கூடாது. 2010-ல் ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் என்ற சின்ன வளைகுடாவில் ஸ்நார்க்கலிங் செய்த ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. ஆள் நடமாட்டமில்லாத அழகான மூலையைத் தேடிப் போகத் தோன்றும், ஜோடியாகப் போனால் இன்னும் தோன்றும். குளிப்பதற்கு மட்டும் ஆள் இருக்கும் கரையே நல்லது.

பவளத்தின்மேல் நிற்காதீர்கள். கல் போலத் தெரிந்தாலும் அது உயிர், மிதித்த இடம் செத்துவிடும்.

11. திரும்பும் இரண்டு நாள்

ஐந்தாம் நாள் காலையோ மதியமோ கப்பலில் போர்ட் பிளேயர் வந்து அன்றிரவு அங்கேயே தங்குங்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலைக் கப்பலில் வந்து அதே நாள் விமானம் ஏறத் திட்டமிட்ட இரண்டு ஜோடிகளை எனக்குத் தெரியும். ஒரு ஜோடி தப்பித்தது. இன்னொரு ஜோடிக்குக் காற்றினால் கப்பல் தாமதமாகி விமானம் போய்விட்டது. அந்த ஓர் இரவு வாடகை, போன விமான டிக்கெட்டின் விலையோடு பார்த்தால் சின்னது. அன்று மாலை செல்லுலர் சிறையைப் பார்க்கலாம், வெற்றிமலை முருகன் கோயிலுக்கும் போய்வரலாம்.

பெட்டி கட்டும்போது மணலில் பொறுக்கிய பவளத் துண்டு ஏதாவது இருந்தால் எடுத்துக் கரையிலேயே போட்டுவிடுங்கள். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. செத்த துண்டானாலும் விமான நிலையச் சோதனையில் பிடிப்பார்கள். நினைவுப்பொருள் வேண்டுமென்றால் ரசீது தரும் கடையில் வாங்கி, அந்த ரசீதைக் கையிலேயே வைத்திருங்கள்.

உப்பில் நனைந்த துணியைப் போர்ட் பிளேயர் அறையில் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, இரவு விசிறிக்கு அடியில் காயப்போடுங்கள். ஈரத்தோடு கட்டினால் பெட்டி எடையும் கூடும், சேலம் வருவதற்குள் நாற்றமும் பிடிக்கும். சென்னையில் மதியம் இறங்கினால் அன்றிரவு ரயிலையே முன்பதிவு செய்யுங்கள், மாலை ரயில் வேண்டாம். விமானம் கொஞ்சம் தாமதமானாலும் இரவு ரயிலைப் பிடித்துவிடலாம்.